மையம் தப்பிய கண்ணாடி

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் செய்த முதல் மூக்குக்கண்ணாடியில் இருந்தவை இரண்டு வில்லைகள், இரண்டு கைப்பிடிகள், அவற்றைச் சேர்க்கும் ஓர் ஆணி. காதில் மாட்டும் கம்பி வர இன்னும் நானூறு ஆண்டுக்கு மேல் இருந்தது. மூக்கில் இடுக்கிக்கொண்டோ கையால் பிடித்துக்கொண்டோ படித்தார்கள். வில்லையின் நடுப்புள்ளி கண்மணிக்கு நேராக நின்றிருந்தால் அது அன்றைய அதிர்ஷ்டம். பெரும்பாலும் அது மேலேயோ கீழேயோ பக்கத்திலோ விலகித்தான் நின்றிருக்கும்.

விலகினால் என்ன? குவிவில்லை ஒன்றை நடுவில் பிளந்து பார்த்தால் விஷயம் விளங்கும். தடித்த பக்கம் நடுவில் சேர, மெலிந்த பக்கம் வெளியே பார்க்க, இரண்டு பிரிசங்கள், அதாவது முக்கோணக் கண்ணாடிகள், ஒட்டிக்கொண்டிருப்பதைப் போலத்தான் அது இருக்கும். குழிவில்லையில் மெலிந்த பக்கங்கள் நடுவில் சேரும். ஆகவே வில்லையின் மையத்தைத் தவிர வேறெந்த இடத்தின் வழியாகப் பார்த்தாலும், பார்ப்பவர் தமக்குத் தெரியாமலே ஒரு பிரிசத்தின் வழியாகப் பார்க்கிறார். பார்க்கும் பொருள் இருந்த இடத்திலிருந்து சற்று நகர்ந்து தெரியும். இரண்டு கண்ணுக்கும் நகர்வு ஒத்திருந்தால் வம்பில்லை. ஒவ்வாமல் போனால் தலைவலி வரும். அதிகமாகப் போனால் ஒன்று இரண்டாகத் தெரியும்.

இன்று இரட்டைப் பார்வைக்குக் கண் மருத்துவர் எழுதித் தரும் பிரிசம் கண்ணாடியின் கதை இங்கேதான் தொடங்குகிறது. அந்த மருந்து மூக்குக்கண்ணாடிக்குள் முதல் நாளிலிருந்தே பிழை வடிவில் உட்கார்ந்திருந்தது. அதே பிழையை வேண்டுமென்றே, வேண்டிய திசையில், வேண்டிய அளவுக்கு மட்டும் செய்யக் கற்றுக்கொள்ள மனிதருக்கு ஏறக்குறைய அறுநூறு ஆண்டு பிடித்தது. கண்ணாடி இருந்தது, சாணை பிடிக்கும் கை இருந்தது, இல்லாதது கணக்கு.

இரட்டைப் பார்வையை ஆராய்ந்தவர்கள் வெகு காலத்துக்கு முன்பே இருந்தார்கள். பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், பதினோராம் நூற்றாண்டில் எழுதிய ஒளியியல் நூலில் ஒரு பலகையைப் பற்றிச் சொல்கிறார். ஒரு முழ நீளம், நான்கு விரல் அகலம். ஒரு முனையில் மூக்குத்தண்டு பதியும்படி வெட்டு. பலகையின் மேல் வண்ண மெழுகுத் தூண்கள். முனையை மூக்கோடு பொருத்தி நடுத்தூணை உற்றுப் பார்த்தால் அது ஒன்றாகத் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் நிற்பவை இரட்டையாகத் தெரியும். பலகை இல்லாதவர் ஒரு விரலை முகத்தருகிலும் இன்னொன்றைக் கை நீட்டிய தூரத்திலும் பிடித்துத் தூரத்து விரலைப் பார்த்தால் போதும், அருகிலிருக்கும் விரல் இரண்டாகிவிடும். ஆரோக்கியமான கண்ணுக்கும் இரட்டை தெரியும், மூளை அதைக் கவனிப்பதில்லை, அவ்வளவுதான். இரு கண்ணும் ஒரே பொருளை நோக்கித் திரும்பினால்தான் அந்தப் பொருள் ஒன்றாகும் என்பதை அவர் அன்றே சோதனை செய்து காட்டிவிட்டார்.

அப்படித் திருப்புவது எளிய காரியமல்ல. ஒவ்வொரு கண்ணுக்கும் ஆறு தசைகள். அவற்றை இயக்க மூளையிலிருந்து மூன்று நரம்புகள். மருத்துவர்கள் அவற்றை மூன்று, நான்கு, ஆறு என்று எண்ணால் அழைப்பார்கள். ஆறாவது நரம்பு சோர்ந்தால் கண்ணை வெளிப்பக்கம் திருப்ப முடியாது. எதிரே வரும் ஒரு பேருந்து பக்கத்தில் பக்கத்தில் இரண்டாக வரும். தூரம் கூடக் கூட இடைவெளி அதிகரிக்கும். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு இது ஒரு நாள் காலையில் திடீரென்று வருவதுண்டு. நான்காவது நரம்பு மெல்லியது, மண்டைக்குள் நெடுந்தூரம் சுற்றி வருவது. இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர்களிடம் அது பழுதாவது அதிகம். அவர்களுக்கு உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, சற்றுச் சாய்ந்தும் தெரியும். மாடிப்படி இறங்குவது பெரும்பாடு. தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டே இருப்பார்கள். தைராய்டு நோயில் கண் தசை தடித்து இறுகுவதும், மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோயும், முகத்தில் அடிபட்டுக் கண்குழி எலும்பு உடைவதும் வேறு காரணங்கள்.

பிறவியிலோ சிறு வயதிலோ மாறுகண் வந்த குழந்தைக்குப் பொதுவாக இரட்டை தெரிவதில்லை. வளரும் மூளை ஒரு கண்ணின் படத்தைத் தள்ளிவிடப் பழகிக்கொள்கிறது. முதிர்ந்த மூளைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதனால்தான் இரட்டைப் பார்வை பெரியவர்களின் வேதனையாக இருக்கிறது.

பழைய வைத்தியம் குழந்தையின் மாறுகண்ணைத்தான் முதலில் குறிவைத்தது. ஏழாம் நூற்றாண்டில் பால் ஏஜினேட்டா என்ற கிரேக்க மருத்துவர், கண்ணுக்கு நேரே இரண்டு துளை வைத்த முகமூடியை மாட்டச் சொன்னார். நேராகப் பார்த்தால் மட்டுமே வெளிச்சம் தெரியும், ஆகவே கண் தானே நேராகும் என்பது எண்ணம். ஒன்பது நூற்றாண்டு கழித்து பிரான்சின் அம்புருவாஸ் பாரேயும் அதே முகமூடியைத்தான் பரிந்துரைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போன ஆங்கிலேயக் கண் வைத்தியர் ஜான் டெய்லர் மாறுகண்ணை நொடியில் நேராக்குவதாகத் தமுக்கடித்தார். 1750-இல் இசைமேதை பாக்கின் கண்ணில் கத்தி வைத்தவரும் இவர்தான்; சில மாதங்களில் பாக் இறந்துபோனார். டெய்லரின் தொழில் ரகசியங்களில் முக்கியமானது, கட்டுப் பிரிக்கும் நாளுக்கு முன்பே ஊரைவிட்டுக் கிளம்பிவிடுவது.

மெய்யான அறுவை சிகிச்சை பெர்லினில் நடந்தது. 1839 அக்டோபர் 26 அன்று யோஹான் ஃப்ரீட்ரிஷ் டீஃபன்பாக் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் உட்பக்கத் தசையை வெட்டிவிட்டார். கண் நேரானது. செய்தி பரவியதும் ஐரோப்பா முழுக்க மாறுகண் அறுப்பது ஒரு மோகமாயிற்று. எவ்வளவு வெட்டுவது என்று யாருக்கும் தெரியாது. உள்ளே சாய்ந்திருந்த கண் சில மாதத்தில் வெளியே சாய்ந்துபோனவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்குப் புதிதாக இரட்டைப் பார்வை வந்து சேர்ந்தது. கோணலை அளக்காமல் திருத்தப் போனதன் கூலி அது.

இதற்கிடையில் பிரிசம் எங்கே இருந்தது? பள்ளிப் பாடத்தில் முப்பட்டகம் என்று படித்த அதே முக்கோணக் கண்ணாடி, வண்ணங்களுக்குள் சிறைப்பட்டிருந்தது. 1666-இல் நியூட்டன் ஒரு பிரிசம் வாங்கினார். வெள்ளொளி பல நிறங்களின் கலவை என்ற அவருடைய கட்டுரை 1672-இல் வெளிவந்தது. அதற்குப் பிறகு பிரிசம் என்றாலே வானவில் என்று ஆகிவிட்டது. ஒளியை அது ஒரு பக்கமாக வளைக்கிறது என்ற எளிய குணம், நிறங்களின் பகட்டில் பின்னால் போய்விட்டது. நூற்றெண்பது ஆண்டுகளாக அது சரவிளக்கில் தொங்கியது, ஆய்வுக்கூடத்தில் கிடந்தது. நோயாளியின் கண்ணெதிரே அதை முறையாகப் பிடித்தவர்கள் இல்லை.

அதை நோயாளியின் முன் கொண்டுவந்தது ஹாலந்து. 1847 வாக்கில் உட்ரெக்ட் நகரத்தில் ஃப்ரான்ஸ் டாண்டர்ஸ் என்ற இளம் உடலியல் பேராசிரியரும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் பிரிசத்தை இரட்டைப் பார்வைக்கு உபயோகித்துப் பார்த்தார்கள். யோசனை நேரடியானது. பிரிசத்துக்குள் நுழையும் ஒளி அதன் தடித்த அடிப்பக்கம் நோக்கி வளைகிறது. ஆனால் கண்ணுக்கு வளைவு தெரியாது. வந்த ஒளியை நேர்கோட்டில் பின்னோக்கி நீட்டிப் பார்க்கும். அதனால் பொருள் மெலிந்த நுனிப்பக்கம் நகர்ந்துவிட்டதாகத் தோன்றும். கண் எந்தப் பக்கம் ஓடியிருக்கிறதோ அந்தப் பக்கம் நுனி இருக்கும்படி பிரிசத்தை வைத்தால், காட்சி அந்தக் கண் காத்துக்கொண்டிருக்கும் இடத்துக்கே போய்ச் சேரும். வலக்கண் மூக்குப் பக்கம் சாய்ந்திருந்தால் நுனி மூக்குப் பக்கம், அடி நெற்றிப்பொட்டுப் பக்கம். கண்ணாடிக்கடைக்காரர் இதைத்தான் ‘பேஸ் அவுட்’ என்கிறார். வெளியே சாய்ந்த கண்ணுக்கு ‘பேஸ் இன்’. மேலே ஏறிய கண்ணுக்கு ‘பேஸ் டவுன்’.

இந்தக் கண்ணாடி கண்ணை நேராக்குவதில்லை. போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடியில் பார்த்தால் கண் சாய்ந்தபடியேதான் இருக்கும். நரம்பும் தசையும் எங்கே நிற்கின்றனவோ அங்கே உலகத்தைக் கொண்டுபோய் வைப்பதே அதன் வேலை. மலை முகம்மதுவிடம் வராவிட்டால் என்ன செய்வது என்ற பழைய கேள்விக்குப் பிரிசம் மலையையே நகர்த்திக் காட்டுகிறது.

பெர்லினில் இருந்த ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃப இந்தக் கருவியை இன்னொரு பக்கம் கொண்டுபோனார். அவரும் டாண்டர்ஸும் 1851-இல் லண்டனில் சந்தித்தார்கள். அந்த நட்பு கடைசிவரை நீடித்தது. கிரேஃப 1854-இல் தொடங்கிய கண் மருத்துவ இதழில் டாண்டர்ஸும் பின்பு ஆசிரியராகச் சேர்ந்தார். கிரேஃப செய்தது இதுதான்: ஒரு கண்ணின் முன் செங்குத்தாகப் பிரிசம் பிடித்து, நல்ல பார்வை உள்ளவருக்கே வேண்டுமென்று இரட்டையை உண்டாக்கினார். படங்கள் மேலும் கீழுமாகப் பிரிந்துவிட்டால் மூளை அவற்றைச் சேர்க்கும் முயற்சியை விட்டுவிடும். அப்போது கண்கள் தம் இயல்பான ஓய்வு நிலைக்குப் போகும். மறைந்திருந்த சாய்வு வெளிப்படும். இரண்டாவது பிரிசம் ஒன்றால் அதை அளந்துவிடலாம். மருந்தாக வந்த பிரிசம் அளவுகோலும் ஆயிற்று. கிரேஃப முறை என்ற பெயரிலேயே கண் பரிசோதனை அறைகளில் அது இன்றும் நடக்கிறது.

ஆனால் அளவுகோலில் கோடு போட்டிருக்கவில்லை. அன்றைய பிரிசங்களுக்கு நுனிக்கோணத்தை வைத்து எண் கொடுத்தார்கள்: பத்து பாகை, பன்னிரண்டு பாகை என்று. கண்ணுக்கு வேண்டியதோ ஒளி எவ்வளவு வளைகிறது என்ற கணக்கு. பத்து பாகைப் பிரிசத்தைச் சாதாரணக் கண்ணாடியில் செய்தால் ஒளி சுமார் 5.2 பாகை வளையும். கனமான ஃபிளின்ட் கண்ணாடியில் செய்தால் 6.2 பாகை. பெட்டியில் எழுதிய எண் ஒன்று, வேலை வேறு. ஒரு ஊரில் எழுதிய சீட்டுக்கு இன்னொரு ஊரில் செய்த கண்ணாடி ஒத்துவராது. 1887-இல் பிலடெல்பியாவின் எட்வர்ட் ஜாக்சன், கோணத்தை விட்டுவிட்டு வளைவையே எண்ணாகக் குறிக்க வேண்டும் என்று வாதாடினார். மருத்துவர்கள் தலையாட்டினார்கள், எந்த அலகு என்பதில் சண்டை தொடங்கியது.

தீர்த்து வைத்தவர் மருத்துவர் அல்ல, நியூயார்க்கில் கண்ணாடிக்கடை வைத்திருந்த சார்லஸ் பிரென்டிஸ். அப்பாவும் கருவி செய்பவர். மகன் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் எந்திரப் பொறியியல் படித்துவிட்டு வந்து கடையில் உட்கார்ந்தவர். 1890-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரத்தை ஒரு வரியில் சொல்லலாம்: ஒரு மீட்டர் தூரத்திலிருக்கும் பொருளை ஒரு சென்டிமீட்டர் நகர்த்திக் காட்டும் பிரிசத்துக்கு எண் ஒன்று. சுவரில் ஒரு மீட்டர் தள்ளி அளவுகோல் ஒட்டி, பிரிசத்தின் வழியே பார்த்து எண்ணிவிடலாம். எந்தக் கண்ணாடியில் செய்தாலும், எந்தக் கோணத்தில் சாணை பிடித்தாலும் கவலையில்லை. வில்லையின் பவருக்கு ஃபெர்டினாண்ட் மோனுவாயே 1872-இல் தந்த டயாப்டர் என்ற அலகு அப்போது பழக்கத்துக்கு வந்துவிட்டிருந்தது. அதையொட்டி இதற்குப் பிரிசம் டயாப்டர் என்ற பாணியில் பெயர் வைக்கச் சொன்னவர் வாஷிங்டன் கண் மருத்துவர் ஸ்வான் பர்னெட். (‘சீக்ரெட் கார்டன்’ கதை எழுதிய ஃபிரான்சஸ் பர்னெட்டின் கணவர். மனைவியின் புகழுக்கு முன்னால் இவர் பெயர் எடுபடவில்லை. இவர் சூட்டிய பெயரோ உலகெங்கும் கண் சீட்டுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.)

வில்லியம் டென்னெட் என்பவர் சென்ட்ராட் என்று போட்டி அலகு ஒன்றைக் கொண்டுவந்தார். நேர்கோட்டுச் சுவருக்குப் பதில் வளைந்த வில்லில் அளப்பது. கணக்கில் அதுதான் செம்மை, ஏனென்றால் இரண்டு ஐந்துகளைக் கூட்டினால் சரியாகப் பத்து வரும். பிரென்டிஸின் அலகில் பெரிய எண்களைக் கூட்டினால் அப்படிச் சரியாக வராது. ஆனால் பத்து பிரிசம் டயாப்டர் 5.71 பாகை, பத்து சென்ட்ராட் 5.73 பாகை, கடையில் இந்த வித்தியாசத்தை யார் தேடப் போகிறார்கள்? சுவரும் சென்டிமீட்டர் கோலும் எல்லோரிடமும் இருந்தன. பிரென்டிஸ் ஜெயித்தார். கணிதத்தில் நேர்த்தியானதைத் தொழிலாளிக்குக் கைக்கு வந்தது தோற்கடித்த சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று, அது நியாயமும்கூட.

அவருடைய இன்னொரு கணக்குதான் இந்தக் கதையின் முடிச்சை அவிழ்த்தது. வில்லையின் மையத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளிப் பார்க்கிறோமோ அதை வில்லையின் பவரால் பெருக்கு, கிடைப்பது பிரிசம். நான்கு டயாப்டர் வில்லையில் அரை சென்டிமீட்டர் விலகினால் இரண்டு பிரிசம் டயாப்டர். பிரென்டிஸ் விதி என்று இதைக் கண்ணாடித் தொழில் படிக்கும் எல்லோரும் முதலாண்டிலேயே உருப்போடுகிறார்கள். ஆறு நூற்றாண்டாகத் தெரியாமல் செய்த பிழைக்கு எண் கிடைத்தது. எண் கிடைத்ததும் பிழையைத் தவிர்க்கவும் முடிந்தது, பயன்படுத்தவும் முடிந்தது. பவர் அதிகமுள்ளவருக்குச் சிறிது பிரிசம் வேண்டுமானால் தனியாகச் சாணை பிடிக்கவே வேண்டாம். வில்லையைப் பிரேமில் கொஞ்சம் தள்ளிப் பொருத்தினால் போதும். மேல்கீழ் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பக்கவாட்டில் கண்கள் தாராளமாக விட்டுக்கொடுக்கும். மேலும் கீழுமாக இரண்டு மூன்று பிரிசம் டயாப்டருக்கு மேல் பெரும்பாலோரால் சமாளிக்க முடியாது. இன்று அமெரிக்கத் தரநிர்ணயம் மேல்கீழ் வித்தியாசத்துக்குப் பொதுவாக அனுமதிப்பது மூன்றில் ஒரு பிரிசம் டயாப்டர். மூன்று பவர் கண்ணாடியில் அது ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. புதுக் கண்ணாடி போட்ட அன்று தலை சுற்றுகிறது என்பவர்களைப் பழகினால் சரியாகும் என்று சமாதானம் சொல்லி அனுப்பும் கடைக்காரர், முதலில் கோலை எடுத்து மையத்தை அளந்து பார்ப்பது நல்லது.

பிரென்டிஸை வரலாறு நினைவில் வைத்திருப்பது மூன்று டாலருக்காகவும்தான். அந்தக் காலத்தில் கடைக்காரர் கண்ணைப் பார்த்துச் சொல்வதற்குக் காசு வாங்கமாட்டார். கண்ணாடி விற்ற காசுதான் வருமானம். பிரென்டிஸ் தம் ஆலோசனைக்கென்று மூன்று டாலர் கட்டணம் வாங்கினார். 1892-இல் ஒருவரைப் பரிசோதித்துவிட்டு, மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று தோன்றவே, நியூயார்க்கின் பேர்பெற்ற கண் மருத்துவர் ஹென்றி நாயஸுக்குக் கடிதம் எழுதி அனுப்பினார். கட்டணம் வாங்கிய செய்தியும் நாயஸின் காதுக்கு எட்டியது. மருத்துவப் பட்டம் இல்லாதவர் ஆலோசனைக்குக் காசு வாங்குவது சட்டவிரோதம் என்று பதில் வந்தது. பிரென்டிஸ் பின்வாங்கவில்லை. ஒளியியலைக் கணக்கிட்டுக் கண்ணாடி எழுதுவது மருத்துவமாகாது, அது தனித் தொழில் என்று பல ஆண்டு வாதாடினார், சக கடைக்காரர்களைத் திரட்டினார், சட்டமன்றத்துக்கு மசோதா அனுப்பினார். அவருக்கு முன்பே மின்னசோட்டா மாநிலம் 1901-இல் ஆப்டோமெட்ரி என்ற கண் பரிசோதனைத் தொழிலைச் சட்டபூர்வமாக்கிவிட்டது. நியூயார்க் 1908-இல்தான் இறங்கிவந்தது. இன்று கண் பரிசோதகர் என்று தனித் தொழில் இருப்பதில் அந்த மூன்று டாலருக்கும் பங்குண்டு.

சாய்வை அளக்கத் தெரிந்ததும் மோகமும் கூடவே வந்தது. நியூயார்க்கின் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ், கண்களின் மறைவான சாய்வுகளுக்கு இன்றும் வழங்கும் பெயர்களை 1886-இல் வகுத்துத் தந்தவர். அந்த மட்டில் பெரிய சேவை. ஆனால் வலிப்பும் இன்னும் பல நரம்பு நோய்களும் இந்தச் சாய்வுகளால்தான் வருகின்றன, கண்ணைச் சரிசெய்தால் அவை போய்விடும் என்றும் சொன்னார். நியூயார்க் நரம்பியல் சங்கம் குழு அமைத்து அவர் சொன்னதைச் சோதித்தது. முடிவு அவருக்குச் சாதகமாக இல்லை.

இங்கிலாந்தில் எர்னஸ்ட் மேடக்ஸ் இதைவிட நிதானமானவர். பிரிசங்களை மருத்துவத்தில் பயன்படுத்துவது பற்றி 1889-இல் புத்தகம் எழுதினார். மறு ஆண்டு ஒரு சின்னக் கண்ணாடித் தண்டைக் கொண்டுவந்தார். அந்தத் தண்டின் வழியே பார்த்தால் விளக்குப் புள்ளி நீண்ட கோடாகத் தெரியும். ஒரு கண்ணுக்குக் கோடு, இன்னொன்றுக்குப் புள்ளி. இரண்டையும் சேர்க்க மூளைக்கு வழியில்லை. கோடு புள்ளியைத் தொடும்வரை பிரிசத்தை மாற்றிக்கொண்டே போனால் சாய்வின் அளவு கையில் வந்துவிடும். பத்து ரூபாய்ப் பொருள் போலத் தோன்றும் மேடக்ஸ் தண்டு இன்றும் எல்லாக் கண் பரிசோதனைப் பெட்டியிலும் இருக்கிறது. பிலடெல்பியாவின் சாமுவேல் ரிஸ்லி, இரண்டு பிரிசங்களை எதிரெதிராகச் சுழலவிட்டு, பூஜ்யத்திலிருந்து வேண்டிய அளவுக்குத் திருகி ஏற்றும் கருவியை அமைத்தார். மேடக்ஸின் மகள் மேரி, அப்பாவிடம் தொழில் கற்று, கண்ணசைவுக் கோளாறுகளுக்குப் பயிற்சி தருவதையே தனித் துறையாக்கினார். 1920-களின் இறுதியில் லண்டனில் ஒரு மருத்துவமனையில் அதற்கென்று பிரிவு தொடங்கினார். ஆர்த்தாப்டிஸ்ட் என்று இன்று அழைக்கப்படுபவர்களின் முன்னோடி அவர்.

அளக்கத் தெரிந்தாயிற்று, எழுதத் தெரிந்தாயிற்று. சுமப்பதுதான் பாக்கி. ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள கண்ணாடி வில்லையில் பத்து பிரிசம் டயாப்டர் வேண்டுமென்றால் ஒரு ஓரம் இன்னொரு ஓரத்தைவிட ஒன்பதரை மில்லிமீட்டர் தடித்திருக்க வேண்டும். ஒரு பக்கம் இழுக்கும் அந்தக் கண்ணாடி மூக்கில் தங்காது. இரண்டு கண்ணுக்கும் ஐந்தைந்தாகப் பங்கிட்டால் கொஞ்சம் தேவலை. ஆறாவது நரம்பு முழுதும் சோர்ந்தவருக்கோ முப்பது நாற்பது பிரிசம் டயாப்டர் தேவைப்படலாம். அவ்வளவு தடித்த கண்ணாடியில் நியூட்டனின் வண்ணங்களும் திரும்பி வந்துவிடும். விளக்கைச் சுற்றி நீலமும் ஆரஞ்சுமாக விளிம்பு கட்டும்.

இதற்கு விடை கலங்கரை விளக்கிலிருந்து வந்தது. பிரான்சின் அகஸ்டின் ஃப்ரெனெல், கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கின் ராட்சத வில்லையைப் பற்றி யோசித்தபோது, ஒளியை வளைப்பது கண்ணாடியின் பரப்புதான், உள்ளே இருக்கும் பொருள் வெறும் சுமை என்பதைப் பிடித்துக்கொண்டார். சாய்வை மட்டும் வைத்துக்கொண்டு சுமையை எடுத்துவிட்டால் வில்லை படிப்படியான வளையங்களாகிவிடும். 1823-இல் ஜிரோந்து ஆற்று முகத்துவாரத்தில் உள்ள கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அது ஒளிர்ந்தது. நான்கு ஆண்டில் காசநோய் ஃப்ரெனெலைக் கொண்டுபோனது, வயது 39. அவருடைய யோசனை மூக்குக்கண்ணாடிக்கு வர நூற்றைம்பது ஆண்டு காத்திருந்தது. மெல்லிய நெகிழியில் அத்தனை நுணுக்கமான வரிகளை அச்சிடும் தொழில்நுட்பம் வந்த பிறகு, 1971-இல் சான் பிரான்சிஸ்கோவின் ஆர்தர் ஜம்போல்ஸ்கியும் கூட்டாளிகளும் ஃப்ரெனெல் ஒட்டுப் பிரிசத்தை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தி எழுதினார்கள்.

ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடு அது. ஒரே சாய்வுள்ள நூலிழை போன்ற குட்டிப் பிரிசங்கள் அடுத்தடுத்து வரிசையாக நிற்கும். கத்தரிக்கோலால் வில்லையின் வடிவத்துக்கு வெட்டி, தண்ணீர் தொட்டு, போட்டிருக்கும் கண்ணாடியின் உட்புறத்தில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். நாற்பது பிரிசம் டயாப்டர் வரை கிடைக்கும். அளவு மாறினால் உரித்துவிட்டு வேறொன்று. சர்க்கரையாலும் இரத்த அழுத்தத்தாலும் வரும் ஆறாவது நரம்புச் சோர்வு பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தானே தேறிவிடும். தேறத் தேறக் குறைந்த எண்ணுக்கு மாற்றிக்கொண்டே வரலாம். இதன் குறை தெளிவு. வரிகளுக்கிடையில் ஒளி சிதறும், எழுத்து மங்கும், எண் ஏற ஏற இன்னும் மங்கும். வரிகளில் தூசி அடையும். பார்வையில் எந்தக் கண் முந்தியதோ அதை விட்டுவிட்டு மற்றதில்தான் பெரும்பாலும் ஒட்டுவார்கள். நிலையாக நின்றுவிட்ட சிறிய சாய்வுக்கு வில்லையிலேயே சாணை பிடிப்பது மேல். அதிலும் பாலிகார்பனேட் வில்லை நிறங்களை அதிகமாகப் பிரிக்கும். சாதாரணப் பிளாஸ்டிக் வில்லையில் வண்ண விளிம்பு குறைவு.

பிரிசத்தால் முடியாதவையும் பல. ஒரு கண்ணை மூடிய பிறகும் இரட்டை தெரிந்தால் பழுது அந்தக் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. கண்புரையாகவோ கருவிழிக் கோளாறாகவோ இருக்கலாம், பிரிசம் அங்கே எடுபடாது. சாய்ந்து சுழன்று தெரியும் படத்தை எந்தப் பிரிசமும் நிமிர்த்தாது. நேரே பார்த்தால் பத்து, இடப்பக்கம் பார்த்தால் முப்பது என்று திசைக்குத் திசை மாறும் சாய்வுக்கு ஒரே எண் போதாது. நேராகவும் படிக்கும் நிலையிலும் ஒன்றாகத் தெரிந்தால் அதுவே வெற்றி என்று விட்டுவிடுவார்கள். இமை தொங்கி, கண்மணி விரிந்து, தலைவலியோடு திடீரென்று வரும் இரட்டைப் பார்வைக்குத் தேட வேண்டியது கண்ணாடிக்கடை அல்ல, அவசர சிகிச்சை. மூளை இரத்தக்குழாயின் வீக்கம் நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம்.

கண்ணின் சாய்வைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகும் என்ற ஸ்டீவன்ஸின் ஆசை இருபதாம் நூற்றாண்டிலும் தலைகாட்டியது, இம்முறை பிரிசத்தின் வடிவில். ஜெர்மனியில் ஹான்ஸ்-யோகிம் ஹாஸெ வகுத்த முறையில், ஸைஸ் நிறுவனத்தின் போலாடெஸ்ட் கருவியால் மிகச் சிறிய சாய்வையும் கண்டு முழுதும் பிரிசத்தால் சரிக்கட்டுவார்கள். குழந்தைகளின் படிப்புச் சிரமத்துக்குக்கூட இதுவே வழி என்று அதைப் பின்பற்றியவர்கள் சொன்னார்கள். அங்குள்ள கண் மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கண்ணுக்குப் பிரிசம் கொடுத்தால் அது பழகிக்கொண்டு மேலும் கேட்கும், எண் ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் அறுவை மேசையில் முடியும் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. 2005-இல் அமெரிக்கக் கண் பரிசோதகர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள்: கிட்டத்தில் படிக்கக் கண்களை உள்ளே குவிக்கச் சிரமப்படும் 72 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு ‘பேஸ் இன்’ பிரிசம் வைத்த படிப்புக் கண்ணாடி, மற்றவர்களுக்குப் பார்க்க அப்படியே இருக்கும் வெறும் கண்ணாடி. ஆறு வாரத்தில் இரு கூட்டமும் ஒரே அளவுக்குத் தேறின. பிரிசத்தால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. இரட்டைப் பார்வை நிலைபெற்ற பெரியவருக்குக் கைகொடுக்கும் கருவி, எல்லாக் கண்ணுக்கும் மருந்தாகாது.

ஜம்போல்ஸ்கியின் அதே சான் பிரான்சிஸ்கோ ஆய்வு நிறுவனத்தில்தான் ஆலன் ஸ்காட், பின்னாளில் போடாக்ஸ் என்று பெயர் பெற்ற நஞ்சைச் சொட்டளவில் ஊசியாகப் போட்டுக் கண் தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் முறையை உருவாக்கினார். 1989-இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி அளித்தது. இன்று போடாக்ஸ் என்றால் முகச் சுருக்கம் போக்குவது என்றே பலரும் நினைக்கிறார்கள். அது முதலில் வந்தது மாறுகண்ணுக்காக. கத்தி, ஊசி, பிரிசம் மூன்றும் இப்போது ஒரே மருத்துவரின் மேசையில் இருக்கின்றன. அறுவை செய்வதற்கு முன் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதை அளப்பதும், செய்த பின் மீந்த சிறு சாய்வைச் சரிக்கட்டுவதும் பிரிசமேதான். டீஃபன்பாக்கின் காலத்து மருத்துவர்களிடம் இல்லாதது இந்த அளவுதான்.

பிரிசத்தின் மிக விசித்திரமான உபயோகம் 2000-ஆம் ஆண்டு பாஸ்டனிலிருந்து வந்தது. பக்கவாதத்தால் இரு கண்ணிலும் ஒரே பக்கப் பாதிப் பார்வையை இழந்தவர்கள், அந்தப் பக்கம் வரும் ஆளையோ வண்டியையோ காணாமல் மோதிக்கொள்வார்கள். ஈலை பெலி என்ற ஆய்வாளர் அவர்களுடைய ஒரு வில்லையில் மட்டும், பார்வைக் கோட்டுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக நாற்பது பிரிசம் டயாப்டர் ஃப்ரெனெல் துண்டுகளை ஒட்டினார். பார்வை இழந்த பக்கத்துக் காட்சி நல்ல பக்கத்தின் ஓரத்தில் வந்து விழும். அதாவது அந்த ஓரங்களில் வேண்டுமென்றே இரட்டைப் பார்வை உண்டாகும். முகம் பார்க்கும், எழுத்துப் படிக்கும் நடுப்பட்டையை மட்டும் அவர் தொடவில்லை. அங்கே இரட்டை தெரிந்தால் எந்த நோயாளியும் அந்தக் கண்ணாடியை ஒரு நாள்கூடப் போட்டிருக்கமாட்டார்.